அக்காவுக்கு ஆறு கை

அரைகுறையாகக் கற்றுக்கொண்டவர் கையில் கேமராவைக் கொடுக்கலாம். குடும்பத்தின் பிழைப்பைக் கொடுக்கக் கூடாது. அந்த அரைகுறை நான்தான்.

அப்போது எனக்கு ஃபிலிம் பைத்தியம் முற்றியிருந்தது. ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள் வழியாகக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மூன்று முறை எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினால் வண்ணப் படம் வந்துவிடும். (போனில் ஒரு தட்டுத் தட்டினாலும் வரும். அதில் என்ன பெருமை?)

அதே சமயம் அக்கா வீட்டுக்காரர், அதுவரை கூலிக்கு நெய்துகொண்டிருந்த என் மாமா, சொந்தத் தறியில் முதல் புடவையை முடித்திருந்தார். மயில் கழுத்து நிறம். சென்னைக் கடைக்காரம்மா ஒருவர் சாயங்காலத்துக்குள் போட்டோ கேட்டிருந்தார். பிடித்தால் ஆர்டர், பிடிக்காவிட்டால் மாமா மறுபடியும் கூலித் தறிக்குத்தான் போக வேண்டும்.

முதல் புடவை அம்மனுக்கு என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அன்று காலை அம்மன் வீதியுலா வரும்போது கொடுத்துவிட வேண்டும். சாமிக்குப் போகிற புடவையை உடுத்தக் கூடாதே! அதனால் புடவையைத் தறி மேல் விரித்துப் போட்டு, முந்தானையை மட்டும் அக்கா இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள்.

"போன்லயே எடுத்துடேன்மா, நல்லாத்தானே இருக்குது?"

"போன்ல எடுத்தா அது போட்டோ இல்லக்கா, ஜெராக்ஸ். யாரும் போனைத் தொடக் கூடாது. நீ அசையாம நில்லு."

சிவப்புத் தாளில் ஒரு படம் எடுத்தேன். பச்சைத் தாளை லென்ஸில் ஒட்டும்போது தெருமுனையில் மேளம் கேட்டது. எங்கள் ஊரில் சாமி மேளம் கேட்டால் கும்பிடக் கை தானாக மேலே போகும். லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்காத மேதாவியான நான் அதைக் கவனிக்கவில்லை.

"சாமி வந்துக்கினு இருக்குதுடி!"

"இரு அக்கா, நீலம் பாக்கி!"

நீலமும் முடிந்தது. மாமா புடவையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். புடவை அம்மனிடம் போய்ச் சேர்ந்தது. இனி அதைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு ஃபிலிமைக் கழுவி, டிஜிட்டல் கேமராவில் நகலெடுத்து, லேப்டாப்பில் மூன்றையும் பொருத்தினேன். தறி அச்சு அசலாக இருந்தது. அதன் மேல் கிடந்த புடவை மயில் கழுத்தாகவே மின்னியது. ஒரு குதி குதித்தேன். அப்புறம்தான் அக்காவைப் பார்த்தேன்.

ஆறு கை. இடுப்பருகே சிவப்பில் இரண்டு, நெஞ்சுக்கு நேரே பச்சையில் இரண்டு, தலைக்கு மேல் நீலத்தில் இரண்டு. மூன்று முந்தானை. முகம் எது என்று அவளைப் பெற்றவளே சொல்ல முடியாது.

மாமா வெகுநேரம் பார்த்தார். "இன்னாமா, புடவையை எடுக்கச் சொன்னா உங்க அக்காவை அம்மனாக்கி வெச்சிருக்கியே?" என்றார். திட்டவில்லை. தறி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இருக்கிறது இதான். இதையே அனுப்பு," என்றாள் அக்கா.

அனுப்பினேன். உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் கடைக்காரம்மா குரல்: "அந்த முந்தானை எனக்கு அப்படியே வேணும். மூணு நிறம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு நிழலாட்டம். நெய்ய முடியுமா?"

"ஏம்மா முடியாது? பேஷா முடியும்," என்றார் மாமா. (போனை வைத்ததும், "எப்படிமா நெய்யறது?" என்று அக்காவைப் பார்த்தார்.)

மண்டையை உடைத்துக்கொண்டு நெய்தே விட்டார். அந்த முந்தானை பிய்த்துக்கொண்டு போனது. இன்று மாமா வீட்டில் இரண்டாவது தறியும் ஓடுகிறது. கூலித் தறிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. என் ஆறு கைப் படம் அந்தக் கடையின் வாசலில் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. எல்லாம் என் டெக்னிக்தான் என்று நானும் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அக்காவிடம் மட்டும் அது எடுபடாது. அவள் வீட்டுக்குப் போய்க் கால்மேல் கால் போட்டு, "அக்கா, ஒரு காபி," என்றால் உள்ளேயிருந்து பதில் வரும்:

"ஆறு கையிலயும் வேலை இருக்குதுமா. நீயே போட்டுக்கோ."