அத்தையின் பதினாறாம் நாளில் கேட்ட துப்பாக்கிச் சத்தம்

தாராவி

மரியாதைக்குரிய அத்தான் சுடலைக்கண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் பிரம்மநாயகம் வணங்கி எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை; முறை தவறக் கூடாதென்று விசாரிக்கிறேன். இங்கே நானும் சொர்ணம்மாளும் மகள் கீதாவும் உடம்பால் சுகம்.

தங்கள் தாயாரின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ரயிலில் இடம் கிடைக்காமல் வீடியோ காலில் கலந்துகொண்டோமே, அதன் நடுவே துப்பாக்கிச் சத்தமும் “மார், மார், சோட்னா மத்!” (அடி, அடி, விடாதே) என்ற இந்திக் கூச்சலும் கேட்டதற்கு விளக்கம் சொல்லவே இக்கடிதம். அன்று முதல் நீங்கள் என் போனை எடுக்கவில்லை. நியாயந்தான்.

அன்றைக்குத்தான் எங்கள் பட்டறை மாடியில் கீதா ஆபீஸ் சிநேகிதர்களைக் கூட்டி கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி வைத்திருந்தாள். தேதி முன்பே குறித்தது. அதற்கென்று வேறொரு ரூட்டர், வேறு பாஸ்வேர்டு. வந்தவர்கள் அதில் மட்டும் சேர வேண்டும், வீட்டு வைஃபை பக்கம் வரக் கூடாது, முடிந்ததும் அந்த பாஸ்வேர்டை அழித்துவிடுவேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

“ஏ புள்ள, வீட்டுக்கு வந்தவனுக்குத் தனி வாசலா?”

“டென்ஷன் எடுக்காதீங்கப்பா. யார் மிஷின்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஸேஃப்டிக்குத்தான்.”

தனி டம்ளரில் டீ குடிக்க மாட்டேன் என்று ஊரை விட்டு வந்தவன் நான், உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே அவள் அறியாமல், டீ கொடுக்கும்போதே ஒவ்வொருவர் காதிலும் வீட்டு பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன்.

கீழே, வீடியோ காலை டிவியில் பெரிதாக விட்டு, போனைப் பக்கத்தில் சாய்த்து, கைகூப்பி நின்றோம். மேலே, மாஹிமிலிருந்து வந்த பத்ரிநாராயணன் என்ற பிள்ளை, நான் சொன்ன வீட்டு வைஃபையில் இருந்ததால், தன் ஆட்டத்தை மாடித் திரைக்கு அனுப்புவதாக எண்ணி எங்கள் டிவிக்கு அனுப்பிவிட்டான். அத்தையின் படம் போய் ஒரு முகமூடிக்காரன் சுட ஆரம்பித்தான். சொர்ணம்மாள் கும்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப்போய் போனையே அணைத்துவிட்டேன்.

அந்தப் பிள்ளை ஓடி வந்து, “சத்தியமா தெரியாது மாமா, மன்னிச்சுடுங்கோ” என்று அழுதான்.

கீதா என்னைத் திட்டவில்லை. “தனி லைன் நம்மளக் காப்பாத்த மட்டும் இல்லப்பா. இப்ப பாருங்க, வந்த இடத்துல இவன்தான தலைகுனிஞ்சு நிக்கான்” என்றாள். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

கோபம் முழுவதையும் என்மேல் வையுங்கள், அத்தான். உறவை மட்டும் அறுத்துவிடாதீர்கள். அத்தையின் ஆசி எல்லோருக்கும் உண்டாகட்டும். அக்காளுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பிரம்மநாயகம்

பி.கு: உறையை ஒட்டும்போது அக்காள் போனில் கூப்பிட்டாள். பூசைக்கு இடைஞ்சல் வேண்டாமென்று எங்கள் பக்கத்துச் சத்தத்தை முதலிலேயே அமர்த்திவிட்டீர்களாம். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம். அன்றைக்கே உங்கள் போன் ஆற்றில் விழுந்துவிட்டதாம். ஆகவே இக்கடிதத்தைப் படிக்காமலே கிழித்துப் போடவும். தபால்தலை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன்.