வாய் திறவாத மேசன்

திருகோணமலையில் அந்த வருசம் சீமெந்துக்கும் பஞ்சம், மேசனுக்கும் பஞ்சம். இரண்டையும் கடற்படைக்காரர் துறைமுக வேலைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஞானசேகரம் தேடியதோ அதிலும் அரிய சாமான்: வாய் திறவாத மேசன்.

காரணம் சுவருக்குள் இருந்தது. சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டபோது மனைவி புஸ்பராணி கந்தளாயில் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். இவர் கந்தோரில் லீவு இல்லையென்று தனியே நின்றார். நின்ற இடத்தில் கப்பற்காரன் ஒருவன் ஒரு போத்தல் றம் கொடுத்தான். இவரோ இனிக் குடிப்பதில்லையென்று கோணேசர் சந்நிதியில், அதுவும் அவள் தலையில் கைவைத்து, சத்தியம் செய்த மனுசன். தவறினால் அண்ணன் வீட்டோடு போய்விடுவேன் என்றது அவள் செய்த சத்தியம். அவள் திரும்பி வருகிறாளென்று கேள்விப்பட்டதும் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்துப் போத்தலை உள்ளே விட்டுத் தன் கையாலேயே பூசி மூடினார்.

பூசின இடம் பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல் தள்ளிக்கொண்டு நின்றது.

"இஞ்சாருங்கோ, குண்டு அதிர்ச்சியில சுவர் பொருமிப்போச்சுது. ஒரு மேசனைப் பிடிச்சுக் கொத்திப் பூசவேணும்."

"சண்டை முடியட்டுமேன்."

"அதுக்கு முதல் சுவர் என்ர மண்டையில விழும். நான் அதுக்குக் கீழதான் படுக்கிறனான்."

அதுதான் கரைச்சல். இரவில் அவள் கீழே, பகலில் அவள் எதிரே. போத்தலை எடுக்க வழியில்லை. கள்ளனுக்குத் தேள் கொட்டினது மாதிரி மனுசன் வாசலுக்கும் கிணற்றடிக்குமாய் நடந்தார். நடந்ததில் ஒரு யோசனை பிறந்தது. மேசன்மாருக்குத் தேத்தண்ணி, புஸ்பராணி சமைக்கிற குசினி வாசலில்தான். ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் இறங்கும். ஆகவே வருகிறவனிடம் ஒரு பொய் இரகசியம் சொல்லிப் பார்ப்பது. அந்தப் பொய் குசினிக்குப் போகாவிட்டால் அவன்தான் ஆள்!

முதலில் உப்புவெளிச் சின்னராசா சுவர் பார்க்க வந்தான்.

"தம்பி, வீட்டில சொல்லிப்போடாதையும். நான் வேலையை விட்டிட்டு மட்டக்களப்புக்குப் போகப்போறன்."

தேத்தண்ணி ஆறவில்லை. குசினியிலிருந்து குரல் வந்தது.

"மட்டக்களப்பில ஆர் இருக்கினம் உங்களுக்கு?"

சின்னராசா அன்றே போனான்.

அடுத்தவர் கிண்ணியா மூத்த மேசன் முத்தலிப், எல்லாருக்கும் 'பாஸ்'. இவருக்குக் கொஞ்சம் பெரிய பொய்யாகவே போட்டார்.

"பாஸ், கந்தளாய் மச்சான் தந்த சேவலைக் கீரி கொண்டுபோனதெண்டது பொய். நான்தான் கந்தோர்ப் பெடியளோட கறி வைச்சனான்."

"என்ட வாயில போட்டது கிணத்தில போட்ட கல்லு ஐயா."

பாஸ் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். குசினியில் சத்தமில்லை. விடிந்தும் இல்லை. ஞானசேகரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போது தானே கிண்டிப் பார்த்தார்.

"அந்தச் சேவல் நல்ல சேவல், என்ன?"

"ஓம் பாவம். கீரிக்குக் குடுத்து வைச்சது." கூடவே இன்னுமொரு மீன் துண்டு வைத்தாள்.

கிடைத்துவிட்டான் அரிச்சந்திரன்! மறுநாள் பாஸின் காதில் உண்மையை ஊதினார். சுவருக்குள் ஒரு போத்தல். சீலையில் சுற்றி, வேலியடிப் பதுங்குகுழிக்குள் வைத்துவிட வேண்டும்.

"அவ்வளவுதானே ஐயா."

பின்னேரம் கந்தோரிலிருந்து வந்தால், சுவர் முட்டைக்கோதுபோல் மழமழவென்றிருந்தது. நேரே பதுங்குகுழிக்குள் இறங்கினார். போத்தல் இருந்தது! மூடியைத் திருகி, கண்ணை மூடி, ஒரு மிடறு இழுத்தார்.

கொத்தமல்லித் தண்ணி.

"காரம் போதுமோ?" குழியின் மேல் புஸ்பராணி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மு... முத்தலிப் சொன்னவரோ?"

"சேவல் கதையும் அண்டைக்கே வந்திட்டுது. சேவலோட ஓடின அந்தக் கீரியைக் கல்லால எறிஞ்சு கலைச்சவள் நான். செய்யாத களவை இந்த மனுசன் ஏன் தன்ர தலையில போடுதெண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தனான்."

"றம்?"

"சாந்துக்குள்ள ஊத்திக் குழைச்சாச்சு. இப்ப போத்தல் முழுக்கக் குடிச்சு முடியுங்கோ. இல்லாட்டி விடிய எனக்குக் கந்தளாய் பஸ்."

ஞானசேகரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பாதியில் கெஞ்சினார்: "கொஞ்சம் சீனியாவது போட்டிருக்கலாமேயப்பா!"

"கூப்பனுக்குக் கிடைச்ச சீனி முழுக்க முத்தலிப் பாஸின்ர தேத்தண்ணிக்கு முடிஞ்சுது."