பச்சைக் கதவுக்குள் இரண்டு காபி

வெளியூரில் வழி தெரியாதவர்கள் தொலைந்துபோவதில்லை, யாரிடமாவது கேட்டுக்கொள்வார்கள். எல்லாம் தெரிந்தவர்கள்தான் தொலைவார்கள். நான் எல்லாம் தெரிந்தவள்.

தேவிகுளத்தில் டூரிஸ்டுகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறேன். பிராக் நகரில் வேலை பார்க்கும் தங்கை செல்வியைப் பார்க்கப் போனபோது எனக்கு ஒரே லட்சியம்: அங்குள்ள குட்டிக் குட்டிக் காபிக் கடைகளைப் பார்த்து, அதேபோல எங்கள் ஊரில் ஒன்று போட வேண்டும். செல்வி வேலைக்குப் போனதும் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு சந்து சந்தாக அலைந்தேன். (பெரிய கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவையெல்லாம் டூரிஸ்டுகளுக்காம்!)

ஒரு நாள் காலை, பாதி திறந்த பச்சைக் கதவு. உள்ளே புத்தக அலமாரி, மங்கலான விளக்கு, சோபாவில் பூனை, காபி வாசம். நேராகப் போய் உட்கார்ந்து பூனையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். உயரமான ஒருவர் வந்து எங்களையே பார்த்தபடி நின்றார். இரண்டு விரலைக் காட்டி, "டூ காபி" என்றேன். சற்று யோசித்துவிட்டு உள்ளே போனார்.

"ஏ, அந்தாளு பைஜாமாவோட நிக்காரு," என்றார் என் வீட்டுக்காரர்.

"இங்க அதான் ஸ்டைலு. பேசாம இருங்க."

காபி வந்தது. கேக்கும் வந்தது. சூடு போதாதென்று காபியைத் திருப்பி அனுப்பினேன். (ஆமாம், அனுப்பினேன்.) பாவம், சூடாக்கிக் கொண்டுவந்தார்.

பாத்ரூம் தேடிப் போன என் வீட்டுக்காரர் வெளிறிய முகத்தோடு ஓடி வந்தார். "அடியே, எந்திரி! உள்ள ஒரு அம்மா தலைக்கு டை அடிச்சிக்கிட்டு நிக்காங்க. இது வீடுடி!"

மடியில் பூனை, ஓடவும் முடியவில்லை. செல்விக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அந்த உயரமானவரிடம் நீட்டினேன். அவர் பேசப் பேச அவள் மூச்சுமுட்டச் சிரித்தாள்.

"அக்கா, நீ உக்காந்த தோரணையப் பாத்து, பொண்டாட்டி தன்கிட்ட சொல்லாமலே கடை ஆரம்பிச்சிட்டாளோன்னு நெனச்சாராம்!"

அவர்கள் மொழியில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. டீ போடத் தெரியும். கைப்பையில் எப்போதும் இருக்கும் எங்கள் மலைத் தேயிலையோடும் ஏலக்காயோடும் அவர்கள் அடுப்படிக்குள் நுழைந்தேன். நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தேன். தலையில் டையோடு அந்த அம்மா குடித்துப் பார்த்தார்; மறுபடி தம்ளரை நீட்டினார்; பிறகு ஜன்னலைத் திறந்து அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார். சாயங்காலம் வரை டீ போட்டேன். வெட்கப்பட எனக்கு ஏது நேரம்? கிளம்பும்போது கைதட்டி வழியனுப்பினார்கள்.

இப்போது அந்த முன்னறையில் சனிக்கிழமைதோறும் நிஜமாகவே டீக்கடை நடக்கிறது. தேயிலை எங்கள் மலையிலிருந்துதான் போகிறது. எங்கள் ஊர்க் கடையை மட்டும் இன்னும் போடவில்லை.

எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் என் வீட்டுக்காரர் வாசலிலேயே எச்சரித்துவிடுகிறார்: "இவள சோபால உக்கார விடாதீங்கப்பா. அடுத்த மாசம் உங்க வீடு கடையாயிரும்!"