அவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டில் அனைவரும் நலமென நம்புகிறேன். இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்தால்தான் இத்தனை வினையும் வந்தது என்பதால் நிறுத்திக்கொண்டேன்.

அவளுக்கு இதய வால்வு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வாரம் காட்டப் போயிருந்தோம். "மூச்சு வாங்குதாம்மா?" என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "அவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் சோம்பல்" என்றேன். "தூக்கம்?" "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா." "நடக்குறாங்களா?" "ஓடுறா டாக்டர்." மாடி ஏறினால் நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிடுபவளை ஓட வைத்த பெருமை என்னுடையது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்றது இருக்கட்டும் சார், இதயத்தையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று எக்கோ ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். இடப்பக்கமாகப் படுக்கவைத்து நெஞ்சில் ஜெல் தடவிய பெண், "சில்லுன்னு இருக்காம்மா?" என்று கேட்க, "அதெல்லாம் இல்லம்மா" என்றேன். "சார், ஜெல்லு உங்க மேலயா தடவியிருக்கேன்?" என்றாள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. பிறகு அந்தப் பெண் திரையையே பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு வளையம். "தண்ணி கோத்திருக்கு, இதயத்தை விரியவிடாம அழுத்துது. எத்தனை நாளா மூச்சு முட்டுது?" என்றார் அவர். வாயைத் திறந்தேன் மைத்துனரே, பதில் தெரியவில்லை. "பதினோரு நாளா" என்றாள் அவள். "மூணு தலகாணி வச்சு உட்கார்ந்துக்கிட்டேதான் தூங்குறேன்." பக்கத்துக் கட்டிலில்தானே நான் கிடக்கிறேன்! அதே திரையைப் பார்த்தபடியே ஊசி விட்டு நீரை எடுத்தார்கள். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆளே இல்லன்னு டாக்டர் சொன்னப்போ, வராந்தா பெஞ்சுல உட்கார்ந்து அழுதுட்டேன். முப்பத்தொரு வருஷமா அவளை யார் எது கேட்டாலும் நானே பதில் சொல்லியிருக்கேன். பாவி நான். இனிமே அவ பதில் அவ வாயாலதான், இது சத்தியம்.

இன்று எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். கவலை வேண்டாம், அவள் என்னை முழு மனதோடு மன்னித்துவிட்டாள், தாங்களும் என்னை மன்னிக்க வேண்டும் என்கிறாள். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

வெட்கத்துடன்,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: அண்ணா, நான்தான் எழுதறேன். இவர் கவர் வாங்கப் போயிருக்கார். மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லவே இல்லை. இவர் இன்னும் என்னைக் கேக்கவே இல்லையே.