கூறைத் தட்டும் ஒன்பதாம் பக்கமும்

வாசிக்காமல் கையெழுத்து வைப்பதில் குடாநாட்டில் என்னை வெல்ல ஆளில்லை. வங்கிப் படிவம், பாடசாலைக் கடிதம், கோயில் திருவிழாத் துண்டு, எதை நீட்டினாலும் பேனாவைத் திறந்துவிடுவேன். இத்தனைக்கும் நான் கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞன். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் விவசாயிகளிடம் "வாசிச்சுப்போட்டு வையுங்கோ" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன்.

என் மனைவி கௌரி இதற்கு நேர் எதிர். பனடோல் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டைக் கடைசி வரி வரை வாசித்த பிறகுதான் குளிசையை விழுங்குவாள். (அதற்குள் தலையிடி தானாகவே போய்விடுகிறது என்பது என் சந்தேகம்.) புத்தூரில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். கல்யாணமான புதிதில் இந்தப் பழக்கத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எட்டு வருடம் ஓடிய ஒரு யப்பான் காரை வாங்கினோம். ஹைபிரிட். பெற்றோலும் பெரிய பற்றறியும் மாறி மாறி இழுக்கும். "கார் நல்லதுதான், ஆனால் பற்றறி போச்சுதெண்டால் நீங்களும் போச்சு" என்று கண்டவர் எல்லாம் வாழ்த்தினார்கள். கார் விற்றவர் இந்தப் பயத்தை நன்றாக அறிந்தவர். மேலதிகமாக ஒரு தொகை கட்டினால் பற்றறிக்கு இன்னும் இரண்டு வருட வாரண்டி தருவதாகச் சொல்லி, ஒரு கத்தைத் தாளை நீட்டினார்.

"சேர் மாதிரி ஆக்கள் பற்றறிக்குப் பயந்து கார் ஓடக்கூடாது சேர். ஏழு நாள் ரைம் இருக்கு சேர். யோசிச்சுச் சொல்லுங்கோ சேர்."

ஒரே மூச்சில் நான்கு 'சேர்'. அலுவலகத்தில் ஒரு வருடத்துக்கே எனக்கு அவ்வளவு கிடைக்காது. பேனாவைத் திறந்தேன். கௌரி தாள்களை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

நான்கு பின்னேரம் பென்சிலும் அடிமட்டமுமாக இருந்து அதை வாசித்தாள். ஐந்தாம் நாள் தேத்தண்ணியோடு தீர்ப்பு வந்தது.

"உது வேண்டாமப்பா. தருவம் எண்டு நாலு இடத்திலை எழுதியிருக்கினம். தரமாட்டம் எண்டு முப்பத்தொரு இடத்திலை எழுதியிருக்கினம். ஒன்பதாம் பக்கத்தைப் பாருங்கோ. பின் சீற்றுக்குப் பக்கத்திலை பற்றறிக்குக் காத்துப் போற துவாரம் ஒண்டு இருக்கு. அதை மறைச்சால் ஒண்டும் தரமாட்டினமாம். நாங்களே அதைத் துப்பரவாய் வைச்சிருந்தால் வாரண்டி என்னத்துக்கு?"

இதில் என் காதில் ஏறியது 'வேண்டாம்' மட்டும்தான். நான் ஆம்பிளை, கார் என் பெயரில், என்னைச் சேர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே பிள்ளையாரிடம் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் வாங்குவது, சிவப்பு வந்தால் விடுவது. சிவப்பு வந்தது. பிள்ளையாருக்கு ஹைபிரிட் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை என்று இன்னொரு தரம் கட்டினேன். திரும்பவும் சிவப்பு. மூன்றாம் தரம் வெள்ளை. கடைசியாகச் சொன்னதுதானே முடிவு என்று கோயிலிலிருந்து நேரே போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன். மிக அழகாக வந்திருந்தது.

கௌரி சண்டை பிடிக்கவில்லை. "சரி, வாங்கிப்போட்டியள். ஒன்பதாம் பக்கத்தையாவது வாசியுங்கோ" என்றாள்.

"ஓம் ஓம், பிறகு" என்றேன்.

இரண்டு மாதத்தில் கௌரியின் தம்பி சுதனுக்குக் கல்யாணம். பெண் அளவெட்டி, மண்டபமும் அளவெட்டி. மாப்பிள்ளையை என் காரில்தான் கொண்டுபோவது என்று நானே அறிவித்தேன். கௌரி காலையிலேயே பெண்களோடு மண்டபத்துக்குப் போய்விட்டாள். சொந்தக்காரர் எல்லாம் இரண்டு வான் வண்டிகளில் முன்னால் போனார்கள். சுதன் தலைப்பாகையோடு என் பக்கத்தில் ஏறினான். பின் சீற்றில் பெண்ணுக்கான கூறைச் சேலைத் தட்டு, தாலிப் பெட்டி, பழத் தட்டுகள், பலகாரத் தட்டுகள், தேங்காய்கள், ஒரு கூடை உதிரி மல்லிகை. எல்லாவற்றையும் நானே கூரை முட்ட அடுக்கினேன். ஒரு தட்டுக்கூட ஆடவில்லை. இதை என் திறமைக்கு ஆதாரமாக நெடுநாள் சொல்லி வந்தேன்.

சுன்னாகத்துக்கு இரண்டு மைல் இருக்கையில் கார் ஒருமுறை பெருமூச்சு விட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு கார் நகரவில்லை. இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டம். நேரம் ஒன்பதரை. முகூர்த்தம் பதினொன்று இருபதோடு முடிகிறது. தவறினால் அடுத்த நல்ல நாள் இரண்டு மாதம் தள்ளி.

"அத்தான், அக்காவுக்குப் போன் எடுப்பமோ?" என்றான் சுதன்.

"என்னத்துக்கு? வாரண்டி இருக்கெல்லோ!" என்றேன். அந்த வசனத்தைச் சொல்ல இரண்டு மாதமாகக் காத்திருந்தவன் நான்.

வாரண்டிக்காரரின் இலக்கத்துக்கு எடுத்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். பத்து நிமிடப் பாட்டுக்குப் பிறகு ஒரு பிள்ளை பேசினாள்.

"பின் சீற்றிலை ஏதும் பொருள் வைச்சிருக்கிறீங்களா சேர்?"

"இல்லை" என்றேன். (கூறையும் தாலியும் 'பொருள்' என்ற வகைக்குள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.)

திருத்துகிறவர் வவுனியாவில் நிற்கிறார், மூன்று மணித்தியாலத்தில் வருவார் என்றாள். சுதன் றோட்டில் இறங்கி ஓட்டோ தேடினான். கல்யாண நாளில் எந்த ஓட்டோ வெறுமையாய் வரும்? வந்த இரண்டிலும் பட்டுச்சேலைகள் நிரம்பியிருந்தன. மாப்பிள்ளைக் கோலத்தில் கை காட்டியவனுக்கு அவர்களும் சந்தோசமாகக் கை காட்டிவிட்டுப் போனார்கள். அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என்னைக் கேட்காமலே தமக்கைக்கு எடுத்து, தொலைபேசியை என் காதில் வைத்தான். மறுபக்கத்தில் அளவெட்டி மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"என்ன விளக்கு எரியுது?" என்று மட்டும் கேட்டாள் கௌரி. சொன்னேன்.

"தட்டுகளை எங்கை வைச்சனியள்?"

"பின் சீற்றிலை."

"எவ்வளவு உயரத்துக்கு?"

"கூரை முட்ட" என்றேன்.

"சரி. வானைத் திருப்பி அனுப்பிறன். அதுக்கிடையிலை காரை ஓஃப் பண்ணிப்போட்டு எல்லாத்தையும் இறக்குங்கோ. வலப்பக்கம், சீற்றுக்கும் கதவுக்கும் இடையிலை சின்னச் சல்லடை ஒண்டு இருக்கும். அதைத் துப்பரவாக்கி, நாலு கதவையும் திறந்து இருபது நிமிசம் ஆற விடுங்கோ. பிறகு ஏசியைக் கூட்டிப் போட்டுக்கொண்டு மெதுவாய் வாங்கோ."

தாளைப் பார்த்துச் சொல்லவில்லை. மண்டபத்தில், அவ்வளவு சத்தத்துக்குள், இரண்டு மாதத்துக்கு முன் வாசித்ததை மனத்திலிருந்து சொன்னாள். உடம்பெல்லாம் வேர்த்து நின்ற எனக்கு, அந்த நேரத்திலும், எப்படிப்பட்ட ஒருத்தியைக் கட்டியிருக்கிறேன் என்று பெருமை பொங்கியது.

இறக்குவதில் ஒரு சிக்கல். கூறைத் தட்டை நிலத்தில் வைக்கக்கூடாது. நான் அதை ஏந்திக்கொண்டு முழித்தபோது, வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த நாலு பெண்கள் வாய்க்காலில் கை கழுவிவிட்டு ஓடிவந்தார்கள்.

"தம்பி, கீழை வைச்சிடாதை! இஞ்சை கொண்டா!"

அவர்கள் ஆளுக்கிரண்டு தட்டோடு றோட்டோரம் வரிசையாக நின்றார்கள். சல்லடை முழுக்க மல்லிகை. கூடையிலிருந்து காரே உறிஞ்சி எடுத்திருக்கிறது. நான் ஒவ்வொரு பூவாகப் பிடுங்கினேன். சுதன் தலைப்பாகை கலையாமல் குனிந்து சால்வையால் விசிறினான்.

"மாப்பிள்ளை நல்ல பொறுப்பான பொடியன்" என்றாள் ஒருத்தி. என்னைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இருபது நிமிடம் கழித்து, சல்லடைப் பக்கத்தை விட்டுத் தட்டுகளைத் திரும்ப ஏற்றினோம். கார் ஒரு நோயுமில்லாததுபோலக் கிளம்பியது. திரும்பி வந்த வானைச் சுன்னாகத்தில் சந்தித்துத் தட்டுகளில் பாதியை அதற்குள் மாற்றினோம். மண்டபத்தில் கௌரி ஐயரோடு கதைத்து, மாப்பிள்ளை வந்ததும் நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். பதினொன்று பன்னிரண்டுக்குத் தாலி ஏறியது. எட்டு நிமிடம் மிச்சம். நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் அவசரப்பட்டாலும் "ஒன்பதாம் பக்கம் பாத்தனியோ?" என்றுதான் கேட்கிறார்கள். சுதனின் மூன்று வயது மகள்கூட, நான் புட்டுக்கு இரண்டாம் தரம் கை நீட்டினால் கேட்கிறாள். சொந்தக்காரர் காணி உறுதி முதல் விசாப் படிவம் வரை கௌரியிடம் கொண்டுவருகிறார்கள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறேன்.

வாரண்டி முடிந்தபோது, புதுப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தது. வாரண்டிக்காரர் "சேர்" என்று தொடங்கினார். நான் தொலைபேசியைக் கௌரியிடம் கொடுத்தேன். அவள் அமைதியாக மூன்று கேள்வி கேட்டாள். மறுபக்கத்தில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மிஸ், உங்களுக்கு இது தேவைப்படாது" என்று அவரே சொல்லிவிட்டு வைத்தார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இஞ்சேரும், என்ரை வாரண்டி நீர்தானப்பா" என்றேன்.

பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"ஓம். ஆனால் அதுக்கும் ஒன்பதாம் பக்கம் இருக்கு."