காற்று நிற்காத கன்னம்

இரண்டாவது உலக யுத்தத்தில் எனக்கு இரண்டு காயங்கள் பட்டன. வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று. ஜப்பான்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டையும் நானே குளித்து முழுகி, மேளம் வைத்து, ஆள் விட்டுக் குத்திக்கொண்டேன். புதிதாகச் சவரம் செய்ய வருகிறவர் யாராவது கன்னத்தைத் தடவிப் பார்த்து விசாரித்தால், "யுத்த சமயத்தில் பட்டது" என்று சொல்லி வைப்பேன். அது பொய்யில்லை. (உண்மையிலும் சேர்த்தி இல்லை.)

அப்போது எனக்கு இருபது வயது. பள்ளி இறுதி தேறி, அந்தத் தேர்ச்சியை என்ன செய்வது என்று தெரியாமல் திருத்தணியில் திரிந்துகொண்டிருந்தேன். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் விமானத் தளம் ஒன்று போட்டிருந்தார்கள். அங்கிருந்து கிளம்புகிற விமானங்கள் எங்கள் மலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகும். ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி தறியில் கை வைத்துவிடுவார்கள். நான் மட்டும் விமானம் மறைந்த பிறகும் கழுத்து வலிக்கிற வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு, அந்த விமானத்தை நான் ஓட்டியிருந்தால் எங்கள் வீட்டு மாடிக்கு மேல் இன்னும் கொஞ்சம் தாழப் பறந்திருப்பேன் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் நாளடைவில் குறைந்துபோனார்கள்.

நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கடைத்தெருவில் நூல் கடை. யுத்தக் கட்டுப்பாட்டில் நூல் வருவது நின்றுபோய் வெகு நாளாயிற்று; ஆனாலும் கடையைத் திறந்துவைத்து, நூல் இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். விமானப் படைக்கு மனுப் போட்டு, மதராஸுக்கு வைத்தியப் பரிசோதனைக்கு வரச் சொல்லி அழைப்பும் வந்தபோது, அவர் கோபப்படவில்லை. தேறினால் போ, தேறாவிட்டால் மறுநாளே கடையில் உட்கார் என்றார். இதைவிட நியாயமான பேச்சு இருக்க முடியாது. அதனால்தான் எனக்கு அதில் சண்டை போட இடமில்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் என் பாவாவை அறிமுகப்படுத்த வேண்டும். அக்காவின் கணவர். அரக்கோணம் விமானத் தளத்துச் சமையல் கட்டுக்குக் கத்தரிக்காயும் முட்டைக்கோசும் சப்ளை செய்துகொண்டிருந்தார். அதனால் ஆகாய விமானம் சம்பந்தமான எந்த விஷயத்திலும் அவர் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். பைலட்டுக்குப் பாதம் தட்டையாக இருக்கக் கூடாது, பல் சொத்தையாக இருக்கக் கூடாது, நிறம் தெரிய வேண்டும், காது கேட்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"இதெல்லாம் சும்மா மச்சான். அங்க ஒரு கண்ணாடிக் கொழா வச்சிக்கினு இருக்கான். உள்ள பாதரசம். ஊதித் தூக்கி, மூச்சு வுடாம அப்படியே நிறுத்தணும். அதுலதான் பாதிப் பேரு அவுட்டு."

அன்றிலிருந்து நான் சரவணப் பொய்கையில் தலையை முக்கி மூச்சடக்கிப் பழக ஆரம்பித்தேன். கரையில் உட்கார்ந்து பாவா எண்ணுவார். ஒரு முறை வெளியூரிலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருத்தி, பிணம் மிதக்கிறது என்று கூச்சல் போட்டு என் குடுமி இருக்க வேண்டிய இடத்தைப் பற்றித் தூக்கினாள். (குடுமி இல்லாததால் காதோடு தூக்கினாள்.) ஆனால் பயிற்சி வீண் போகவில்லை. ஆடி பிறப்பதற்குள் பாவா எண்ணி அலுத்து, சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துக்கொள்கிற அளவுக்கு என் மூச்சு நின்றது. எடை குறைவோ, பாதம் தட்டையோ என்றெல்லாம் கவலைப்பட்டேனே தவிர, பாதரசத்தைப் பற்றி எனக்குத் துளியும் பயமில்லை.

பரிசோதனை ஆடிக் கிருத்திகை முடிந்த மூன்றாம் நாள். எங்கள் ஊரில் பிறந்து, ஆடிக் கிருத்திகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டுதல் இல்லாமல் ஒரு காரியத்துக்குப் போவது என்பது குடையைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நனைவது மாதிரி. அம்மா மொட்டை போட்டுக்கொள்ளச் சொன்னாள். எனக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. விமானப் படைத் தொப்பியை நெற்றியில் ஒருபக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு நான் எடுத்துக்கொள்ளப் போகும் போட்டோவில், தொப்பிக்கு வெளியே கொஞ்சம் கிராப்பு தெரிய வேண்டியிருந்தது. மொட்டைத் தலையில் தொப்பி வைத்தால் பானை மேல் தட்டு மூடின மாதிரி இருக்கும். ஆகவே, அலகு குத்திக்கொள்கிறேன் என்றேன். மொட்டை போட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

நைனாவுக்கு ஒரு சந்தேகம். "காரியம் ஆனப்பறம் செய்யறதுக்குப் பேருதாண்டா வேண்டுதல். நீ இன்னா முன்னாடியே செய்றே?"

"அடுத்த ஆடிக்கு நான் பர்மா மேல பறந்துகினு இருப்பேன் நைனா. அலகு குத்தணும்னா வெள்ளைக்காரன் லீவு குடுப்பானா?"

நைனா என்னைப் பார்த்த பார்வையில் இந்தப் பிள்ளையை நூல் கடை தாங்குமா என்ற கவலை புதிதாகச் சேர்ந்திருந்தது.

வேல் விஷயத்தையும் பாவாவே பார்த்துக்கொண்டார். வழக்கமாகக் குத்துகிற வேல் கம்பி மாதிரி மெல்லியது. எடுத்த இடத்தில் விபூதி வைத்தால் மறுநாள் தழும்புகூடத் தேட வேண்டியிருக்கும். பாவாவுக்கு அது போதவில்லை. கொல்லுப் பட்டறையில் சொல்லி, தனியாக ஒன்று அடித்துக்கொண்டு வந்தார்.

"இது இன்னா பாவா, இம்மாம் பெருசு இருக்கு?"

"வெள்ளாமைக்கு வேண்டிக்கிறவன் சின்னதா குத்திக்கட்டும். நீ ஆகாசத்துக்கு வேண்டிக்கிறே. சாமிக்கு ஒரு மரியாதை வேணாவா?"

கிருத்திகையன்று வலது கன்னத்தில் நுழைந்து இடது கன்னத்தில் வெளிவந்த அந்த வேலோடு, தோளில் புஷ்பக் காவடியோடு, மலை ஏறினேன். வலித்ததா என்றால், வலிக்கவில்லை. மேளமும் அரோகரா கோஷமும் சேர்ந்தால் வலி எங்கேயோ ஒதுங்கி நின்றுகொள்கிறது. (மறுநாள் காலை வட்டியோடு வந்தது.) வேலை எடுத்ததும் பாவா இரண்டு ஓட்டையிலும் விபூதியை வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அடைத்துவிட்டார்.

மதராஸ் புறப்பட்ட அன்று ஸ்டேஷனுக்கு முப்பது பேராவது வந்திருப்பார்கள். ஒரு மாலை. இரண்டு எலுமிச்சம்பழம். விரதத்தில் எடை குறைந்திருந்ததால், அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து மதராஸ் சேர்வதற்குள் தீர்த்துவிடச் சொல்லியிருந்தாள். அரக்கோணத்தில் காப்பி வாங்கிக் குடித்தேன். காலரில் சொட்டு விழுந்தது. ரயில் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டேன். ரயில் அப்போது நின்றுகொண்டிருந்தது என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. திருவாலங்காட்டில் மூன்று பழம், மணவூரில் இரண்டு என்று கணக்காகத் தின்றுகொண்டு, கன்னம் வலிக்க வலிக்க, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

பரிசோதனைக் கூடத்தில் எங்களை இடுப்புத் துணியோடு வரிசையாக நிறுத்தினார்கள். டாக்டர், நரைத்த மீசையும் சிவந்த முகமுமாக ஒரு வெள்ளைக்காரர், சாந்தமான மனிதர். எடை, வாழைப்பழத்தின் புண்ணியத்தில் மயிரிழையில் தப்பியது. பாதம் தட்டையில்லை. கண் பழுதில்லை. நிறம் தெரிகிறதா என்று பார்க்கக் கலர் கலராகக் கம்பளி நூல் சிட்டங்களைக் காட்டினார். நூல் கடைப் பையனிடம் காட்டுகிற வித்தையா இது? பச்சை என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், இது கிளிப்பச்சை, இது பாசிப்பச்சை, அந்தச் சிவப்பு இரண்டு சலவைக்கு மேல் நிற்காது என்று இங்கிலீஷில் விளக்கினேன். டாக்டர் அந்தச் சிவப்புச் சிட்டத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

கடைசியில் பாதரசம். கொண்டை ஊசி மாதிரி வளைந்த கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் ரப்பர்க் குழல். மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழலை வாயில் வைத்து ஊதி, பாதரசத்தைக் கோடு வரை ஏற்றி அங்கேயே நிறுத்த வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பையன் முகம் நாவல் பழமாகித் தள்ளாடினான். நான் அவனைப் பார்த்து அனுதாபத்தோடு சிரித்துவிட்டு, சரவணப் பொய்கையை மனசில் நினைத்துக்கொண்டு, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஊதினேன்.

பாதரசம் எழவில்லை. விபூதி எழுந்தது.

இரண்டு கன்னத்திலிருந்தும், ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் இன்ஜின் மாதிரி உஸ்ஸென்ற சத்தத்தோடு, வெள்ளை வெளேரென்று பீறிட்டது. வலப்பக்கத்து விபூதி சுவரில் போய்ப் படிந்தது. இடப்பக்கம் குனிந்து நின்ற டாக்டர், தம் மூக்குக் கண்ணாடியிலும் மீசையிலும் திருத்தணி முருகன் பிரசாதத்தைப் பெற்றுக்கொண்டார்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை ஊதச் சொன்னார். இந்தத் தடவை விபூதி இல்லை. வெறும் சத்தம் மட்டும். வலது கன்னத்தை விரலால் பொத்தினேன். இடப்பக்கம் சத்தம் இரட்டிப்பாயிற்று. இரண்டையும் பொத்தினால் குழலைப் பிடிக்கக் கையில்லை. குழலைப் பிடித்தால் மூக்கைப் பிடிக்கக் கையில்லை. எந்தச் சாமிக்காக இந்தக் கோலமோ அந்தச் சாமிக்குப் பன்னிரண்டு கை. எனக்கு இரண்டுதான்.

டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு விளக்கை வெளியே வைத்துக் கன்னம் வழியாகப் பார்த்தார். பக்கத்து அறை டாக்டர்களைக் கூப்பிட்டார். அவர்களும் வரிசையாக வந்து பார்த்தார்கள். எந்தப் போர்முனையில் பட்டது என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, பைலட் வேலை கிடைக்க வேண்டும் என்று கடவுளுக்குச் செய்த பிரார்த்தனை இது என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

சிப்பந்தியாக நின்றவர் மதராஸ்காரர், நம்மவர். என் காதருகே குனிந்தார்.

"எங்கூட்லயும் அலகு குத்துவாங்க தம்பி. ஆனா ஊதற வேலை இருந்தா குத்த மாட்டாங்க."

நான் விடவில்லை. படைக்கு ஆள் அவசியப்படும் காலத்தில் சிறு குறைகளுக்கு விலக்கு உண்டு என்று பாவா சொல்லியிருந்தார். அதை டாக்டரிடம் கேட்டேன். அந்த நல்ல மனிதர் என்னைத் துரத்தாமல், விதிப் புத்தகத்தை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினார். சுண்டுவிரல் இல்லாதவனுக்கு விலக்கு இருந்தது. மூக்கெலும்பு கோணலானவனுக்கு இருந்தது. பல் கட்டியவனுக்கு இருந்தது. ஆண்டவனுக்காகக் கன்னத்தைத் துளைத்துக்கொண்டவனைப் பற்றி லண்டனில் யாரும் யோசித்திருக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, உடம்பில் வேறு குறை ஒன்றுமில்லை, ஓட்டை தூர்ந்ததும் ஒரு மாதம் கழித்து வா என்றார். என் முதுகில் தட்டியும் கொடுத்தார். அது ஒன்றுதான் அன்று எனக்குக் கிடைத்த கௌரவம்.

திருத்தணி ஸ்டேஷனில் சாயங்காலம் இறங்கினேன். வரவேற்க வந்திருந்தவர்களிடம் "ஒரு மாசம் தள்ளி வச்சிருக்காங்க" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். பொய் சொல்ல வாயைத் திறந்தேன்; வழி முழுக்கப் பழகி வைத்திருந்த பொய் நல்ல சமயத்தில் மறந்துபோய், நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். பாவா மட்டும் தளரவில்லை. வேலின் பருமனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மதராஸ் பாதரசமே கனமானது என்றார்.

நைனா அன்று நூல் சுற்றுகிற ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்:

"வேலு போன ஓட்டைக்கே திருப்பி அனுப்பிட்டான். குண்டு போயிருந்தா இன்னா பண்ணியிருப்பே? போ, கை கால் கழுவிக்கினு சாப்புடு."

ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆடி முடிவதற்குள் ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான். ஊரெல்லாம் யுத்தம் முடிந்த சந்தோஷம். நான் மட்டும், தூர்ந்துபோன இரண்டு கன்னங்களையும் தடவிக்கொண்டு, நூல் இல்லாத நூல் கடையில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் உலகமே இருண்டிருந்தது. பிறகு மெல்ல மெல்ல நூல் வர ஆரம்பித்தது. வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள், கூடவே அவர்கள் பேச்சும் வந்தது. ஆகாயத்தில் யாரோடும் வம்பு பேச முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடையில் உட்கார்ந்துதான் படித்தேன், எழுதினேன், சதை போட்டேன். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் அடுப்புப் புகைந்தால் இன்றைக்கும் ஊதுகுழலை என் கையில் கொடுக்க மாட்டார்கள். "அவனாண்டை குடுக்காதே, காத்து நிக்காது" என்று அக்கா சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். கல்யாணம், காதுகுத்து என்று உறவு கூடினால் பாவாவே இந்தக் கதையை எடுத்துவிடுவார். அவர் கதையில் வேல் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே வருகிறது.

போன தீபாவளிக்கு அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான் குறுக்கிட்டேன். அலகு வீணாகப் போகவில்லை. அன்று பக்கத்து ஊரான நகரியிலிருந்து காவடி பார்க்க வந்திருந்த ஒருவர், வேலும் காவடியுமாக நான் நின்ற கம்பீரத்தைப் பார்த்துத்தானே தம் பெண்ணை எனக்குக் கொடுத்தார் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

முறுக்குத் தட்டோடு வந்த என் மனைவி, தட்டைக் கீழே வைத்தாள்.

"கம்பீரமும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. வாயில வேலு இருந்திச்சா, அன்னைக்குப் பூரா நீங்க ஒரு வார்த்த பேசல. இந்தக் காலத்துல இவ்ளோ அடக்கமான பையனான்னு எங்க நைனா ஏமாந்துட்டாரு."