சும்மா கிடந்த கை

“ஏன்னா, கையை ஆட்டாதேங்கோ!”

“நான் எங்கேடி ஆட்டினேன்? மூச்சுதான் விட்டேன்.”

“அதையும் கொஞ்சம் மெதுவா விடுங்கோ.”

லேப் கட்டிலில் கிடந்த குருபிரசாத்தின் வலது கை முழுக்க வில்லை வில்லையாக ஒட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தாள் ரோஹிணி. மூளை எப்படித் தசைகளை ஆட்டிவைக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. மறுநாள் பெங்களூரிலிருந்து பெரிய விஞ்ஞானிகள் பார்க்க வருகிறார்கள். சோதனைக்கு வருவதாகச் சொன்ன ஆளோ மழையைச் சாக்கிட்டு டிமிக்கி கொடுத்துவிட்டான். சும்மா படுத்துக் கிடக்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் அவளுக்குக் கணவன் ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் என்ன?

“கை அசையப்படாது. ஆனா சாப்பிடற மாதிரி மனசால நெனைச்சுக்கணும். நெனைச்சாலே தசையில துளியூண்டு கரண்ட் ஓடும். விரல் என்ன பண்ண நெனைக்கறதுன்னு மெஷின் சொல்லிடும்.”

“எல்லாத்தையுமா சொல்லும்?”

“கத்துண்டதைச் சொல்லும். சாதம் பிசையறது, லூச்சிப் பூரியைப் பிய்க்கறது, இலிஷ் மீன்ல முள் எடுக்கறது... கை போனவாளுக்குச் செயற்கைக் கை பண்றதுக்குத்தானே இதெல்லாம்? இலிஷ்ல முள் எடுக்கத் தெரியாத கையைக் கல்கத்தாவுல எவன் மாட்டிப்பான்?”

குருபிரசாத் கையில் ஒட்டியிருந்த ஒயர்களைத் திருட்டு முழியோடு பார்த்தார்.

பயம் இருக்காதா பின்னே! கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஹோட்டல் இருக்கிறது. புதன்கிழமை தவறாமல், பாங்கில் மீட்டிங் என்று சொல்லிவிட்டு, மனுஷன் அங்கேதான் கடுகு அரைத்துவிட்ட இலிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ரோஹிணியோ வங்காளிகள் வீட்டில் தண்ணீர் கொடுத்தால்கூட டம்ளரை முகர்ந்து பார்க்கிறவள். விஷயம் தெரிந்தால் அப்புறம் வீட்டு வாசற்படி ஏற முடியாது.

“நான் தயிர்சாதம் நெனைச்சுக்கறேன்” என்று முந்திக்கொண்டார்.

மருந்து சாப்பிடும்போது குரங்கை நினைக்காதே என்றால் மனசு கேட்குமா?

“என்னது, இலிஷ்னு வரது?” என்றாள் ரோஹிணி, திரையைப் பார்த்து.

“அது... நார்த்தங்காய்ல விதை எடுத்தேன்.”

“நார்த்தங்காயே வேண்டாம். சாம்பார்சாதம் நெனைச்சுக்கோங்கோ.”

நினைத்தார். மறுபடி இலிஷ்.

“முருங்கைக்காய்டி! பிரிச்சுப் பார்த்தேன்.”

“முருங்கைக்காய்க்கு இத்தனை நாசூக்கா? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மயிரிழையைப் பிடிக்கற மாதிரின்னா வேலை பண்றது!”

இனி எதையாவது நினைத்தால்தானே வம்பு? பேசாமல் தூங்கிவிடுவது என்று தீர்மானித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் எடுத்த தீர்மானங்களிலேயே அசட்டுத்தனமானது அதுதான்.

வெளியே டாக்குரியா ஏரியின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. எங்கேயோ லோக்கல் டிரெயின் ஒன்று நனைந்துகொண்டே போயிற்று. ஏரி மெல்லப் படியேறி அறைக்குள் வந்தது. கட்டில் மிதந்தது. தண்ணீர் முழுக்க மஞ்சளாய், கடுகு வாசனையாய் இருந்தது. வெள்ளிமீன் ஒன்று பக்கத்தில் வந்து, “புதன்கிழமை ஏன் வரலை?” என்று செல்லமாகக் கேட்டது. “மீட்டிங்” என்றார். அது சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டியது. அவர் ஒவ்வொரு முள்ளாக, அதற்கு வலிக்காமல், எடுத்து எடுத்து மேகத்தில் செருகினார். அப்பா, என்ன சுகம்! இப்படியே செத்துப்போனாலும் தேவலை என்றிருந்தது.

கண் விழித்தபோது ரோஹிணி கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். திரையில் மேலிருந்து கீழ்வரை இலிஷ், இலிஷ், இலிஷ்.

“நார்த்தங்காய், இல்லையா? குருவாயூரப்பன் மேல சத்தியம் பண்ணுங்கோ பார்ப்போம்.”

பொய் சொல்லலாம், பொய்ச் சத்தியம் செய்ய அவருக்குத் தைரியம் இல்லை. ஹோட்டல், புதன்கிழமை, கடுகு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொல்லச் சொல்ல அழுகையே வந்துவிட்டது.

“சிவசிவா! அந்தக் கையாலதானே சாளக்ராமத்துக்குத் திருமஞ்சனம் பண்றேள்? நாளைலேர்ந்து உங்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்!”

“எல்லாம் இந்தப் பாழாப்போன மெஷினால வந்த வினை!” என்று குருபிரசாத் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினார்.

டீயோடு உள்ளே வந்த ஸ்னேகா, ரோஹிணியிடம் ஆராய்ச்சி செய்யும் வங்காளிப் பெண். தமிழ் தெரியாவிட்டாலும் மெஷின் என்ற வார்த்தையும் அந்தக் கோபமும் புரிந்துவிட்டன. திரையை ஒருதரம் பார்த்தாள், முகம் மலர்ந்துபோயிற்று. ரோஹிணி அவசரமாகக் கண்ணைக் காட்டியதை அவள் கவனிக்கவில்லை. அக்காள் புருஷன் என்று உறவு கொண்டாடி, வங்காளத்தில் சமாதானம் சொன்னாள்:

“மத்ததுல தப்பு வரலாம், ஜாமாய்பாபு. இலிஷ்ல மட்டும் வரவே வராது. இந்த லேப்லேயே ரோஹிணி தீதி அளவுக்குச் சுத்தமா முள் எடுத்துச் சாப்பிடறவங்க யாரும் இல்லைன்னு, அவங்க கையை வெச்சுதான் மெஷினுக்கு அதைக் கத்துக்கொடுத்தோம்!”